‘ஆர்பிட்ரரி’ என்று நீதிமன்றம் சொன்னால் என்ன அர்த்தம்?

சென்னை உயர் நீதிமன்றச் செய்திகளை ஆங்கிலப் பத்திரிகையிலும் தமிழ்ப் பத்திரிகையிலும் சேர்த்துப் படிப்பவர்களுக்கு ஒரு குழப்பம் வருவதுண்டு. ஆங்கிலத்தில் ‘ஆர்பிட்ரரி’ என்று இருக்கும் இடத்தில் தமிழில் பெரும்பாலும் ‘தன்னிச்சையான’ என்று இருக்கும். அப்படியே எடுத்துக்கொண்டால் சில செய்திகள் புரிவதில்லை. உத்தரவு போட்ட அதிகாரிக்கு அதைப் போடும் அதிகாரம் இருந்திருக்கிறது. மேலிடத்தில் ஒப்புதலும் வாங்கியிருக்கிறார். கோப்பு நாலு மேசை சுற்றி வந்திருக்கிறது. இருந்தும் நீதிமன்றம் அதை ரத்து செய்கிறது. நாலு பேரைக் கேட்டுச் செய்த காரியம் எப்படித் தன்னிச்சை ஆகும்?

‘தன்னிச்சை’ என்ற சொல், முடிவை எடுத்தது யார் என்று பார்க்கிறது. ‘ஆர்பிட்ரரி’ என்ற சொல், எதை வைத்து எடுத்தார்கள் என்று பார்க்கிறது. ஒரே ஆள் எடுத்த முடிவுக்கும் சரியான அளவுகோல் இருக்கலாம். நாற்பது பேர் கூடி எடுத்த முடிவுக்கு அளவுகோலே இல்லாமலும் போகலாம். இரண்டாவதைத்தான் ஆங்கிலம் ஆர்பிட்ரரி என்கிறது. அகராதியில் இதற்கு எதிரே ஐந்தாறு தமிழ்ச் சொற்கள் வரிசையாக இருக்கும். எந்த இடத்தில் எது பொருந்தும் என்பதை அகராதி சொல்லாது. அதனால் அடியிலிருந்தே பார்த்துவிடலாம்.

நடுவரிடமிருந்து வந்த சொல்

லத்தீனில் ‘ஆர்பிட்டர்’ என்றால் இரு தரப்புக்கும் நடுவில் நின்று தீர்ப்புச் சொல்பவர். ‘ஆர்பிட்ராரியஸ்’ என்றால் நடுவரின் முடிவைப் பொறுத்தது. எழுதிவைத்த விதி பதில் சொல்லாத இடத்தில் நடுவர் தம் மதிப்பீட்டில் ஒன்றைச் சொல்வார், அவ்வளவுதான். பதினைந்தாம் நூற்றாண்டுவாக்கில் ஆங்கிலத்துக்குள் வந்தபோதும் இந்தச் சொல்லில் திட்டும் தொனி இல்லை.

அந்தத் தொனி ஏறியது பதினேழாம் நூற்றாண்டில். இங்கிலாந்தில் மன்னர் முதலாம் சார்லஸுக்கும் நாடாளுமன்றத்துக்கும் சண்டை முற்றிய காலம் அது. மன்னருக்கு நெருக்கமாக இருந்த ஸ்டிராஃபோர்ட் பிரபு மீது 1641-இல் நாடாளுமன்றம் வைத்த குற்றச்சாட்டே, சட்டத்தை மீறி ‘ஆர்பிட்ரரி’ ஆட்சியையும் கொடுங்கோன்மையையும் கொண்டுவரப் பார்த்தார் என்பதுதான். அவர் தலை போனது. அதன் பிறகு இந்தச் சொல்லை நல்ல அர்த்தத்தில் ஓர் அரசோடு சேர்த்துச் சொல்வது கடினமாகிவிட்டது.

அதே வேரிலிருந்து வந்த ‘ஆர்பிட்ரேஷன்’ மட்டும் பழைய மரியாதையோடு தப்பித்துக்கொண்டது. வியாபாரத் தகராறுகளை வழக்கமான நீதிமன்றத்துக்கு வெளியே நடுவர் ஒருவரை வைத்துத் தீர்ப்பது அது. செய்தியில் இரண்டு சொற்களும் ஒரே பத்தியில் வரும்போது தடுமாற்றம் ஏற்படும். ஆர்பிட்ரேட்டர் கொடுத்த தீர்ப்பே ஆர்பிட்ரரியாக இருக்கிறது என்று வழக்குப் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். அந்த வாக்கியத்தில் முரண் எதுவும் இல்லை: நடுவர் காரணம் பார்க்காமல் தீர்ப்புச் சொல்லிவிட்டார் என்கிறார்கள்.

திட்டாமல் சொல்லும் பொருள்

நம்மில் பலர் இந்தச் சொல்லை முதலில் சந்திப்பது பத்திரிகையில் அல்ல, பிளஸ் டூ கணக்கில். தொகையீடு செய்து முடித்ததும் கடைசியில் ஒரு ‘சி’ சேர்ப்போமே, அதன் பெயர் ஆர்பிட்ரரி கான்ஸ்டன்ட். எந்த மதிப்பை வேண்டுமானாலும் போடலாம், சமன்பாடு தாங்கும் என்பதுதான் பொருள். இங்கே யாரும் யாரையும் குறை சொல்லவில்லை. ‘இதுவாகத்தான் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை’ என்கிற தகவல் மட்டுமே இருக்கிறது.

இதே பொருளுக்குச் சென்னையிலேயே ஒரு நல்ல உதாரணம் உண்டு. நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலையில், வானிலை ஆய்வு மைய வளாகத்துக்குள், பழைய வானாய்வகத்தின் கருங்கல் தூண் ஒன்று இன்னும் நிற்கிறது. கிழக்கிந்திய கம்பெனி 1792-இல் கட்டிய வானாய்வகம் அது. அங்கே கணித்த தீர்க்கரேகையை வைத்து மெட்ராஸ் நேரம் கிரீன்விச்சுக்கு 5 மணி 21 நிமிடம் 14 விநாடி முன்னால் என்று வகுத்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்திய ரயில்கள் மெட்ராஸ் நேரத்தில்தான் ஓடின. 1906 ஜனவரி 1 முதல் 82.5 பாகைத் தீர்க்கரேகையை வைத்து ஐந்தரை மணி நேரக் கணக்கு வந்தது. நம்முடைய கடிகாரம் ஏறக்குறைய ஒன்பது நிமிடம் முன்னால் தள்ளிவைக்கப்பட்டது.

82.5 என்ற எண்ணை இயற்கை நமக்குக் கொடுக்கவில்லை. 0 பாகை கிரீன்விச்சில் இருப்பதும் அப்படித்தான். 1884-இல் வாஷிங்டனில் பல நாடுகள் கூடிப் பேசி எடுத்த முடிவு அது. பிரான்ஸ் அதில் வாக்களிக்காமல் ஒதுங்கியது, 1911 வரை பாரிஸ் ரேகையையே பிடித்துக்கொண்டிருந்தது. எந்த ஊர் வழியாக வேண்டுமானாலும் அந்தக் கோட்டைப் போட்டிருக்கலாம். ஆங்கிலத்தில் இதை ஆர்பிட்ரரி சாய்ஸ் என்பார்கள்.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கிரீன்விச்சைத் தேர்ந்ததற்கும் காரணம் இருந்தது: உலகக் கப்பல்களில் பெரும்பாலானவை ஏற்கெனவே அந்த ரேகை போட்ட வரைபடங்களைத்தான் பயன்படுத்தின. 82.5-க்கும் காரணம் இருந்தது: அது நாட்டின் நடுவாக்கில் வருகிறது, கிரீன்விச்சிலிருந்து அரை மணியின் முழு மடங்காகவும் அமைகிறது. காரணம் இருந்தும் கட்டாயம் இல்லாத இத்தகைய இடங்களில் நல்ல ஆங்கில எழுத்தாளர்கள் முன்னால் ‘சம்வாட்’ என்ற சொல்லைச் சேர்த்து, ‘சம்வாட் ஆர்பிட்ரரி’ என்று எழுதுவார்கள். ஓரளவு வசதிக்காகத் தேர்ந்தது என்று பொருள். ‘சம்வாட்’ வந்தாலே அங்கே வசை இல்லை என்று பெரும்பாலும் முடிவுகட்டிவிடலாம்.

மொழியியலிலும் இந்தப் பொருள்தான். சுவிட்சர்லாந்து அறிஞர் சொசூரின் விரிவுரைகள் அவர் இறந்த பிறகு 1916-இல் நூலாக வந்தன. ஒரு சொல்லின் ஒலிக்கும் அதன் பொருளுக்கும் உள்ள உறவு ஆர்பிட்ரரி என்பது அதில் மையமான கருத்து. மரத்தை ‘மரம்’ என்று அழைக்க மரத்துக்குள் காரணம் எதுவும் இல்லை. ‘ட்ரீ’ என்றாலும் தெலுங்கில் ‘செட்டு’ என்றாலும் அது பேசாமல் நிற்கும்.

தமிழ் படித்தவர்களுக்கு இங்கே தொல்காப்பியம் ஞாபகம் வரும். உரியியலில் ‘மொழிப்பொருட் காரணம் விழிப்பத் தோன்றா’ என்று ஒரு நூற்பா உண்டு. சொல்லுக்கு அந்தப் பொருள் வந்த காரணம் பளிச்சென்று தெரியாது என்கிறது அது. இரண்டும் ஒன்றே என்று சொல்லிவிடுவது நம் ஊரில் வழக்கம். எனக்கு அது அவசரமாகப் படுகிறது. காரணமே கிடையாது என்பது சொசூர். காரணம் தெளிவாகத் தெரியாது என்பதோடு தொல்காப்பியம் நிறுத்திக்கொள்கிறது. காரணம் இல்லாமல் இருப்பதும், இருந்து தெரியாமல் இருப்பதும் வேறு வேறு. இந்த வேறுபாடு நீதிமன்றத்திலும் பெரிய விஷயம் என்பதைக் கொஞ்ச நேரத்தில் பார்க்கப்போகிறோம்.

குற்றம் சாட்டும் பொருள்

கட்டாயம் இல்லாத இடத்தில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் ஒருவருடைய வேலை, வீடு, சுதந்திரம் சம்பந்தப்பட்ட முடிவை அப்படி எடுத்தால்? அப்போது அதே சொல் குற்றச்சாட்டாக மாறுகிறது. காரணம் தேவைப்படும் இடத்தில் காரணம் இல்லை என்பதே குற்றம்.

ஐ.நா. 1948-இல் வெளியிட்ட மனித உரிமைப் பிரகடனத்தின் 9ஆம் பிரிவு, யாரையும் ‘ஆர்பிட்ரரி’யாகக் கைது செய்யவோ காவலில் வைக்கவோ நாடு கடத்தவோ கூடாது என்கிறது. ‘சட்டவிரோதமாக’ என்று மட்டும் எழுதியிருந்தால் ஒரு ஓட்டை இருந்திருக்கும். ஓர் அரசு மோசமான சட்டத்தை முதலில் இயற்றிவிட்டு, அப்புறம் அந்தச் சட்டப்படியே எல்லாரையும் பிடித்து உள்ளே போடலாம். கைது சட்டப்படி இருக்கும், நியாயம் இருக்காது. அந்த ஓட்டையை அடைக்கும் வேலையைத்தான் இந்தச் சொல் செய்கிறது.

மெரினாவில் சிலம்பை உயர்த்தி நிற்கும் கண்ணகி பாண்டியன்மேல் வைத்த குற்றச்சாட்டும் இந்த வகைதான். கள்வனைக் கொல்லச் சொல்லும் அதிகாரம் அரசனுக்கு இருந்தது. அதை அவள் மறுக்கவில்லை. விசாரிக்காமல், ஒரு பொற்கொல்லனின் வாய்ச்சொல்லை வைத்து ஆணையிட்டான் என்பதுதான் அவள் வழக்கு.

குழப்பிக்கொள்ளும் ஐந்து சொற்கள்

ஆர்பிட்ரரி என்று எழுத நினைத்து வேறொன்றைச் சொல்லிவிடுவதும், வேறொன்றைச் சொல்ல இதை எழுதிவிடுவதும் சகஜம். அருகருகே வைத்துப் பார்த்தால் எல்லைகள் தெரியும்.

1. யூனிலேட்டரல். ஒருதலைப்பட்சமாக, மறு தரப்பைக் கேட்காமல் எடுத்த முடிவு. வாடகை ஒப்பந்தத்தில் பேசாத நிபந்தனையை வீட்டுக்காரர் தாமே சேர்த்தால் அது யூனிலேட்டரல். விலைவாசிக் கணக்கைக் காட்டி வாடகையை 5 சதவீதம் ஏற்றினார் என்றால் அவர் ஆர்பிட்ரரி இல்லை. தமிழ்ச் செய்திகளில் வரும் ‘தன்னிச்சையாக முடிவெடுத்தார்’ என்பதற்கு உண்மையில் இந்தச் சொல்தான் நெருக்கம்.

2. ராண்டம். இதைத்தான் மிக அதிகமாகக் குழப்பிக்கொள்கிறோம். கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளிகளில் தொடக்க வகுப்பில் 25 சதவீத இடம் ஒதுக்க வேண்டும். விண்ணப்பம் இடத்தைவிட அதிகமானால் குலுக்கல் போடுகிறார்கள். எந்தக் குழந்தையின் பெயர் வரும் என்பதற்குக் காரணம் கிடையாது, அதனால் முடிவு ராண்டம். ஆனால் குலுக்கல்தான் முறை என்று முன்கூட்டியே சொல்லி, எல்லாருக்கும் சம வாய்ப்பு கொடுத்துச் செய்கிறார்கள், அதனால் ஆர்பிட்ரரி இல்லை. சீட்டெடுக்காமல் நிர்வாகி கண்ணில் பட்ட பத்துப் பெயரை டிக் அடித்தால் அதற்கு ஆர்பிட்ரரி என்ற பெயர் கச்சிதமாகப் பொருந்தும். மனிதக் கை எடுத்த தேர்வு அவ்வளவு எளிதில் ராண்டம் ஆகாது. தெரிந்த முகத்துப் பக்கமே சாயும்.

3. டிஸ்கிரிஷனரி. விருப்புரிமை. வீட்டு வசதி வாரியத்தில் ‘அரசு விருப்புரிமை ஒதுக்கீடு’ என்பது சென்னையில் மனைக்கு அலைந்தவர்களுக்குப் பழகிய பெயர். சட்டமே ஓர் அதிகாரிக்குக் கொஞ்சம் இடம் விட்டு, சூழ்நிலையைப் பார்த்து முடிவு செய் என்று சொல்வது இது. அதில் தவறில்லை. ‘சமூக சேவகர்’ என்று ஒரு பிரிவை வைத்துவிட்டு, யார் சமூக சேவகர், எதைக் காட்டினால் ஒத்துக்கொள்வோம் என்று சொல்லாமல் விட்டால், விருப்புரிமை மெல்ல ஆர்பிட்ரரி பக்கம் நகர ஆரம்பிக்கிறது. வழக்குகள் பெரும்பாலும் பிறப்பது இந்த எல்லையில்தான்.

4. கப்ரிஷியஸ். நேரத்துக்கு ஒரு புத்தி. நேற்று ஒருவருக்குச் சரி என்றதை இன்று அதே நிலையில் உள்ள இன்னொருவருக்கு இல்லை என்பது. ஆர்பிட்ரரிக்கு மிக நெருங்கிய உறவு இது, பெரும்பாலும் ஜோடியாகவே வரும். ஒருவர் வருடக்கணக்கில் மாறாமல் ஒரே தப்பான அளவுகோலைப் பிடித்துக்கொண்டிருந்தால் அவர் ஆர்பிட்ரரி. கப்ரிஷியஸ் என்று சொல்ல முடியாது.

5. ஹார்ஷ். கடுமையானது. ஹெல்மெட் போடாததற்கு அபராதம் அதிகம் என்று தோன்றலாம். எல்லாருக்கும் ஒரே தொகை, சட்டத்தில் எழுதியிருக்கிறது, காரணம் பாதுகாப்பு. வலிக்கும், ஆனால் ஆர்பிட்ரரி ஆகாது. பிடிக்காத முடிவையெல்லாம் இந்தச் சொல்லால் அழைப்பது இப்போது ஆங்கிலத்திலும் பரவிவருகிறது. சொல்லின் கூர்மை மழுங்குவது அப்படித்தான்.

சென்னையில் தொடங்கிய வழக்கு

இந்தியச் சட்டத்தில் இந்தச் சொல்லுக்குப் பெரிய வாழ்வு கொடுத்த வழக்கு தமிழ்நாட்டுத் தலைமைச் செயலகத்தில் பிறந்தது. இ.பி. ராயப்பா எதிர் தமிழ்நாடு அரசு என்று அதற்குப் பெயர்.

ராயப்பா 1969-இல் தலைமைச் செயலாளராக நியமிக்கப்பட்டவர். 1971 தேர்தலுக்குப் பிறகு அவரை மாநிலத் திட்டக் குழுவின் துணைத் தலைவர் பதவிக்கு மாற்றினார்கள். 1972-இல் விற்பனை வரிச் சட்டங்களைச் சீரமைக்கும் சிறப்புப் பணி அலுவலராகப் போட்டார்கள். இந்தப் பதவிகள் பெயரளவில்தான் சமம், முதலமைச்சருக்கு என்மேல் கோபம் என்பதே உண்மைக் காரணம் என்று சொல்லி அவர் நேரடியாக உச்ச நீதிமன்றம் போனார்.

ஐந்து நீதிபதிகள் கேட்டார்கள். 1973 நவம்பரில் தீர்ப்பு வந்தது; 1974 ஆண்டுத் தொகுப்பில் வெளியானதால் சட்டப் புத்தகங்களில் 1974 என்றே இருக்கும். ராயப்பா தோற்றார். உள்நோக்கம் நிரூபிக்கப்படவில்லை என்றது நீதிமன்றம்.

ஆனால் அந்தத் தீர்ப்பில் நீதிபதி பகவதி, தமக்கும் சந்திரசூட், கிருஷ்ண ஐயர் ஆகியோருக்கும் சேர்த்து எழுதிய பகுதியில் ஒரு கருத்து இருந்தது: சமத்துவமும் ‘ஆர்பிட்ரரினஸ்’ என்பதும் ஜென்மப் பகைவர்கள், ஒன்று குடியரசின் சட்ட ஆட்சிக்குச் சொந்தம், மற்றது முழு அதிகாரம் கொண்ட மன்னனின் மனம்போன போக்குக்குச் சொந்தம்.

இது ஏன் பெரிய திருப்பம்? அதுவரை, சட்டத்தின் முன் எல்லாரும் சமம் என்னும் அரசியல் சாசனத்தின் 14ஆம் பிரிவை வைத்து வழக்குப் போட வேண்டுமானால், ‘என்னைப் போன்ற இன்னொருவருக்குக் கொடுத்தார்கள், எனக்குக் கொடுக்கவில்லை’ என்று ஒப்பிட ஓர் ஆளைக் காட்ட வேண்டும். அரசு மக்களைப் பிரித்ததா, பிரித்ததற்கு விளங்கும்படியான வித்தியாசம் உண்டா, அந்த வித்தியாசத்துக்கும் சட்டத்தின் நோக்கத்துக்கும் தொடர்பு உண்டா என்பதே சோதனை. ராயப்பா வழக்குக்குப் பிறகு ஒப்பிட ஆள் இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்றாயிற்று. முடிவுக்கு அளவுகோல் இல்லை என்று காட்டினாலே 14ஆம் பிரிவு மீறப்பட்டதாகும். தலைமைச் செயலாளர் பதவி ஒன்றுதான் இருக்கிறது. அதில் இருந்தவர் யாரோடு தன்னை ஒப்பிட முடியும்? அப்படிப்பட்ட ஒருவருடைய வழக்கில் இந்தக் கருத்து பிறந்தது பொருத்தம்தான். அவருக்குப் பயன்படவில்லை என்பது வேறு கதை.

1978-இல் மேனகா காந்தியின் பாஸ்போர்ட் வழக்கில் இந்தக் கருத்து, உயிருக்கும் சுதந்திரத்துக்கும் பாதுகாப்புத் தரும் 21ஆம் பிரிவுக்கும் போனது. ஒருவரின் சுதந்திரத்தைப் பறிக்கும் நடைமுறை சட்டத்தில் இருந்தால் மட்டும் போதாது, அது நியாயமாகவும் இருக்க வேண்டும், ஆர்பிட்ரரியாக இருக்கக் கூடாது என்றது நீதிமன்றம்.

கோட்டை எங்கே போடுவது?

இந்தச் சொல்லோடு பழகும்போது ஒரு சிக்கல் சீக்கிரமே எதிரில் வந்து நிற்கும். எல்லைக் கோடு எல்லாமே ஒரு விதத்தில் ஆர்பிட்ரரிதானே? வாக்குரிமை வயது 21-ஆக இருந்தது. 61ஆவது திருத்தம் வந்த பிறகு 1989-இலிருந்து 18. பதினெட்டாவது பிறந்த நாளுக்கு முந்தைய இரவு இல்லாத அறிவு மறுநாள் காலையில் வந்துவிடுகிறதா? இல்லை. அதற்காக அந்தச் சட்டம் செல்லாது என்று யாரும் சொல்வதில்லை.

நீதிமன்றங்கள் இதை எப்படிக் கையாள்கின்றன என்பதற்கு மூன்று வழக்குகள் போதும்.

முதலாவது தீப்பெட்டித் தொழில் சம்பந்தப்பட்டது, பரமேஸ்வரன் மேட்ச் வொர்க்ஸ் வழக்கு, 1974. சலுகை வரி வேண்டுமானால் குறிப்பிட்ட தேதிக்குள் உறுதிமொழி கொடுத்திருக்க வேண்டும் என்பது விதி. அந்தத் தேதி ஏன் என்பதற்குத் தனிக் காரணம் இல்லை. அதனாலேயே அது ஆர்பிட்ரரி ஆகிவிடாது என்றது உச்ச நீதிமன்றம். எங்கோ ஒரு கோடு போட்டாக வேண்டும், கணக்குப் போட்டு அதைத் துல்லியமாகக் கண்டுபிடிக்க வழியில்லை என்றால், அரசு போட்ட கோட்டை ஏற்க வேண்டியதுதான், அது நியாயத்துக்கு ரொம்ப தூரம் விலகிப் போகாத வரை.

இரண்டாவது 1982-இல் வந்த நகாரா வழக்கு. அதன் தீர்ப்பு நாளான டிசம்பர் 17-ஐத்தான் ஓய்வூதியர் தினமாகக் கொண்டாடுகிறார்கள். 1979 மார்ச் 31 அன்றோ அதற்குப் பிறகோ ஓய்வு பெற்றவர்களுக்கு மட்டும் தாராளமான ஓய்வூதியக் கணக்கு. அதற்கு முந்தையவர்களுக்குப் பழைய கணக்கு. இங்கேயும் ஒரு தேதிதான். ஆனால் நீதிமன்றம் இதை ஆர்பிட்ரரி என்றது. விலைவாசி உயர்வைச் சமாளிக்கத்தான் ஓய்வூதியத்தை உயர்த்தினார்கள். அந்த விலைவாசி இரு தரப்பையும் ஒரே மாதிரி அடிக்கிறது. நோக்கத்துக்கும் தேதிக்கும் சம்பந்தமே இல்லை.

தேதி தேவையா என்பது முதல் கேள்வி, தேதி எது என்பது இரண்டாவது. தீப்பெட்டி வழக்கில் தேதி இல்லாமல் திட்டம் நடக்காது, எந்தத் தேதி என்பது மட்டும் விருப்பம். நகாராவில் பிரிவினையே தேவையில்லாதது.

மூன்றாவது ஸ்ரீநகர் பொறியியல் கல்லூரி சம்பந்தப்பட்ட அஜய் ஹாசியா வழக்கு. 1981 தொகுப்பில் இருக்கும். எழுத்துத் தேர்வுக்கு 100, நேர்முகத்துக்கு 50 என்று மதிப்பெண் வைத்து, நேர்முகத்தை ஓரிரு நிமிடத்தில் சம்பந்தமில்லாத கேள்விகளோடு முடித்தார்கள். மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண்ணை இப்படிக் கொடுப்பது ஆர்பிட்ரரி, 15 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்றது நீதிமன்றம். ஏன் 15? ஏன் 14 இல்லை? யாரும் கேட்கலாம். ஆர்பிட்ரரியைத் தடுக்க நீதிமன்றம் போட்ட கோடும், முதலில் பார்த்த அந்தத் திட்டாத பொருளில், கொஞ்சம் ஆர்பிட்ரரிதான்.

சட்டத்தையே அப்படிச் சொல்லலாமா?

அதிகாரியின் உத்தரவை ஆர்பிட்ரரி என்று தள்ளலாம், சரி. மக்கள் தேர்ந்தெடுத்த சட்டமன்றமோ நாடாளுமன்றமோ இயற்றிய சட்டத்தை அந்த ஒரு காரணத்துக்காகத் தள்ளலாமா? முடியாது, வேறு அரசியல் சாசனக் குறை காட்ட வேண்டும் என்று 1996-இல் மெக்டொவல் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2017-இல் முத்தலாக் வழக்கில் நீதிபதி நாரிமன் அதை மாற்றிப் பேசினார்: சட்டம் ‘மேனிஃபெஸ்ட்லி ஆர்பிட்ரரி’ என்றால் தள்ளலாம். அதாவது பார்த்த மாத்திரத்தில் தெரியும் அளவுக்கு மனம்போன போக்கில், எந்தக் கொள்கையையும் சாராமல், அளவுக்கு மீறி இருக்க வேண்டும். சாதாரணமாக ஆர்பிட்ரரி என்று தோன்றினால் போதாது.

‘மேனிஃபெஸ்ட்லி’ என்பதை வெறும் அழுத்தத்துக்காகச் சேர்த்தது என்று படிப்பவர்கள் இங்கே தவறுகிறார்கள். அது சட்டத்துக்கும் உத்தரவுக்கும் வைத்த இரண்டு வேறு உயரமுள்ள தடைகளில் உயரமானதன் பெயர். 2024 பிப்ரவரி 15 அன்று தேர்தல் பத்திரத் திட்டத்தை ரத்து செய்த தீர்ப்பில் இது வந்தது. நிறுவனங்கள் எவ்வளவு வேண்டுமானாலும் கட்சிகளுக்கு நன்கொடை தரலாம் என்ற திருத்தத்தை நீதிமன்றம் மேனிஃபெஸ்ட்லி ஆர்பிட்ரரி என்றது. லாபம் ஈட்டும் நிறுவனத்தையும் நஷ்டத்தில் ஓடும் நிறுவனத்தையும் அந்தத் திருத்தம் பிரித்தே பார்க்கவில்லை என்பது காரணங்களில் ஒன்று.

விசா செய்திகளில் வரும் ஜோடி

சென்னையில் ஐ.டி. வேலையில் இருப்பவர்கள் இந்தச் சொல்லை அடிக்கடி பார்க்கும் இன்னொரு இடம் எச்-1பி என்ற அமெரிக்க வேலை விசா பற்றிய செய்திகள். அமெரிக்காவின் 1946 நிர்வாக நடைமுறைச் சட்டப்படி, அரசுத் துறையின் முடிவு ‘ஆர்பிட்ரரி அண்ட் கப்ரிஷியஸ்’ என்றால் நீதிமன்றம் ரத்து செய்யலாம். அங்கே நீதிபதி, முடிவு சரியா தப்பா என்று பார்ப்பதில்லை. கையில் இருந்த தகவலுக்கும் எடுத்த முடிவுக்கும் இடையே தொடர்பு காட்டியிருக்கிறார்களா என்று மட்டும் பார்க்கிறார்.

2020 டிசம்பரில் அமெரிக்காவின் ஒன்பதாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒரு வழக்கில் தீர்ப்புச் சொன்னது. கம்ப்யூட்டர் புரோகிராமர் வேலைக்குப் பட்டப்படிப்பு ‘வழக்கமாகத்’ தேவை என்று நிரூபிக்கவில்லை எனக் குடியேற்றத் துறை எச்-1பியை மறுத்திருந்தது. ஆனால் துறை நம்பிய தொழிலாளர் துறைக் கையேட்டிலேயே பெரும்பாலான புரோகிராமர்களிடம் பட்டம் இருக்கிறது என்று இருந்தது. துறையின் காரணத்துக்கும் அது காட்டிய ஆதாரத்துக்கும் ஒட்டவில்லை, அதனால் ஆர்பிட்ரரி அண்ட் கப்ரிஷியஸ் என்றது நீதிமன்றம். எச்-1பி குலுக்கலே அநியாயம் என்று புலம்புகிறவர்கள் மேலே ராண்டம் பற்றிச் சொன்னதைத் திரும்பப் பார்க்கலாம்.

எழுதும்போதும் பேசும்போதும்

அழுத்தம் முதல் அசையில்: ‘ஆர்’ கொஞ்சம் ஓங்கி ஒலிக்க வேண்டும், மீதி விரைவாக ஓட வேண்டும். ‘ஆர்பிட்ரேரி’ என்று நடுவில் நீட்டுவது நம்மிடையே பரவலாக உண்டு. புரியும், ஆனால் தேர்வில் கேட்கும் உச்சரிப்பு அதுவல்ல. வினையடை ‘ஆர்பிட்ரரிலி’.

பெயர்ச்சொல்லுக்கு முன்னாலும் வரும், வாக்கிய முடிவிலும் வரும். முன்னால் வரும்போது டெட்லைன், லிமிட், கட்-ஆஃப், அரெஸ்ட், பவர், டிசிஷன், ரூல் ஆகியவை இதன் வழக்கமான துணைகள். மனிதரைக் குறித்து நேரடியாகச் சொல்வது குறைவு. மேலாளரைப் பார்த்து ‘நீ ஆர்பிட்ரரி’ என்பதைவிட, அவர் வைத்த கெடு ஆர்பிட்ரரி என்பதே இயல்பான ஆங்கிலம். ‘சீமிங்லி’ முன்னால் வந்தால், காரணம் இருக்கலாம், எனக்குத் தெரியவில்லை என்று எழுதுபவர் பின்வாங்க இடம் வைத்துக்கொள்கிறார் என்று பொருள். தொல்காப்பிய நூற்பாவின் அந்த ஜாக்கிரதை இதுதான்.

தமிழில் எழுதும்போது ஒரே சொல்லைப் பிடித்துத் தொங்காமல் இடத்தைப் பார்க்கலாம். உத்தரவைப் பற்றி என்றால் ‘காரணமற்ற’, ‘மனம்போன போக்கிலான’. ஆட்சியைப் பற்றி என்றால் ‘எதேச்சாதிகார’. கணக்கிலும் அறிவியலிலும் ‘ஏதேனும் ஒரு’ என்பதே பல இடங்களில் போதும். ‘தன்னிச்சையான’ என்பதை யூனிலேட்டரலுக்கு விட்டுவிடலாம் என்பது என் கட்சி. செய்தி மேசைகள் அதை ஏற்பதாகத் தெரியவில்லை.

அரசு அலுவலகத்துக்கு ஆங்கிலத்தில் மனு எழுதும்போது இந்தச் சொல்லை மட்டும் எழுதி நிறுத்துவதால் பயன் குறைவு. எந்த அளவுகோல் இருந்திருக்க வேண்டும், அது எங்கே இல்லை என்பது அடுத்த வாக்கியத்திலேயே வர வேண்டும். அதற்கு முன்பு செய்யக்கூடியது ஒன்றும் உண்டு. 2005 தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4(1)(ஈ) பிரிவு, தன் முடிவால் பாதிக்கப்பட்டவருக்கு அதற்கான காரணத்தைத் தர வேண்டும் என்று அலுவலகத்துக்குக் கடமை வைக்கிறது. ஆங்கிலப் பதிப்பில் அது 4(1)(டி). முதலில் அந்தக் காரணத்தையும் கோப்புக் குறிப்பின் நகலையும் கேட்டு வாங்கிப் பாருங்கள். குறிப்பில் காரணம் எழுதியிருந்தால் வழக்கு அந்தக் காரணத்தைப் பற்றியதாக மாறும். காரணம் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தால், இந்தச் சொல்லைத் தயங்காமல் எழுதலாம்.